நாய்க்குட்டிகளைத் தாக்கும் கொரோனாக் கழிச்சல்

வயலையும் தோட்டத்தையும் இராப்பகலாகக் காக்கும் நாய் கமக்காரருக்கு உற்ற துணையாகும். அதற்குக் கொரோனா வைரசு தொற்றியதெனக் கேட்டதும் அஞ்சித் துரத்திவிடலாகாது.

நாய்களுக்குக் கழிச்சலை உண்டாக்கும் கொரோனா வைரசு 1971 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் இராணுவ நாய்களிடத்துக் கண்டறியப்பட்டது. இது மனிதரைத் தாக்கும் கோவிட் வைரசு அன்று. கோவிட் நாய்க்குத் தொற்றுவது பெரும்பாலும் வீட்டாரிடமிருந்தேயாம். 2020 இல் ஹொங்கொங்கில் இவ்வாறே நிகழ்ந்தது.

கழிச்சல் வைரசு நோயுற்ற நாயின் மலத்தாற் பரவும். வளர்ந்த நாய்கள் பெரும்பாலும் எளிதிற் தேறும். குட்டிகளோ வாந்தியாலும் கழிச்சலாலும் உடல்நீரை இழந்து சோர்வுறும். பார்வோ வைரசும் சேரின் இறத்தலுங் கூடும்.

செய்ய வேண்டியவை:

1. நோயுற்ற குட்டியைப் பிரித்து வைக்குக.
2. சுத்தமான நீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்குக.
3. மலத்தை மரக்கறிப் பாத்தியில் இடாது ஆழப் புதைக்குக.
4. மலத்தில் இரத்தங் காணின் தாமதியாது மிருக வைத்தியரிடங் கொண்டு செல்க.