இருமுறை விடுதலை பெற்ற தீவு

குவாதலூப் என்னும் தீவைப் பற்றி மாணவ நேயர்களிடம் சிறிது பேச விரும்புகிறேன். கரீபியன் கடலின் கீழைப்புறத்தில் இருப்பது அது. 1946ஆம் ஆண்டு முதல் பிரான்ஸ் நாட்டின் கடல் கடந்த மாவட்டங்களுள் ஒன்று. படத்தில் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். ஒரு சிறகுக்குக் கிராந்த் தேர், அதாவது பெரிய நிலம் என்று பெயர். மற்றதற்குப் பாஸ் தேர், அதாவது தாழ்ந்த நிலம். வேடிக்கை என்னவெனில், பெரிய நிலமே பரப்பில் சிறியது. தாழ்ந்த நிலத்திலோ 1467 மீட்டர் உயரமுள்ள எரிமலை நிற்கிறது!

அங்குச் செல்வோரிற் பலர் வெண்மணற் கடற்கரையோடு திரும்பிவிடுகின்றனர். சரித்திரம் பயிலும் நீங்கள் முதலில் கிராந்த் தேரில் உள்ள பெத்தி கனால் என்னும் சிற்றூருக்குச் செல்லவேண்டும் என்பேன். துறையருகிலிருந்து மாதாகோயிலை நோக்கி ஏறும் கற்படிகள் அங்கே உண்டு. அடிமைகளின் படிகள் என்பது அவற்றின் பெயர். காங்கோ, யோருபா, ஈபோ என ஆப்பிரிக்க இனங்களின் பெயர்கள் படியோரங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. தனி மனிதர் பெயர் ஒன்றுமில்லை. கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்டவனுக்கு அவன் தாய் இட்ட பெயரை யார் எழுதிவைத்தார்கள்?

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் அடிமை முறையை ஒழித்தது. எட்டே ஆண்டுகள் சென்றன. 1802இல் நெப்போலியன் படை வந்திறங்கியது. அடிமை முறையை மீட்கவே அது வந்தது என்று உணர்ந்தவர்களுள் லூயி டெல்கிரெஸ் ஒருவர். பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாயிருந்த கலப்பினத்தவர். மே 10ஆம் நாள் உலகனைத்தையும் விளித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பாஸ் தேர் நகரக் கோட்டையில் நின்று போரிட்டார். கோட்டையைக் காக்க இயலாமற்போகவே மலையேறினார். மே 28ஆம் நாள் மத்தூபா என்னுமிடத்தில், பகைவர் சூழ்ந்த வேளையில், அவரும் தோழர் சுமார் முந்நூறு பேரும் வெடிமருந்துக்குத் தாமே தீயிட்டு மாண்டனர். அடிமை முறை திரும்பியது. அது மறுபடி ஒழிந்தது 1848இல். இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகளில் பிறந்து இறந்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கோட்டையைத்தான் நான் மிகவும் விரும்பிக் காட்டுவேன். டெல்கிரெஸை ஒடுக்கிய தளபதி ரிஷ்பான்ஸ் அதே ஆண்டு மஞ்சட் காய்ச்சலால் இறந்து அக்கோட்டையிலேயே புதைக்கப்பட்டார். கோட்டைக்கும் அவர் பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. 1989இல் அதற்கு டெல்கிரெஸ் கோட்டை என்று பெயர் மாறியது. கல்லறையை எவரும் அகற்றவில்லை. வென்றவர் இன்று தோற்றவர் பெயர் தாங்கிய மதிலுக்குள் உறங்குகிறார்.

பொயிந்தாபீத்ர் நகரில் தார்பூசியே என்னும் பழைய சர்க்கரை ஆலை இருந்த நிலத்தில், அடிமை வாணிகத்தின் நினைவகம் ஒன்று 2015இல் எழுப்பப்பட்டது. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது.

சர்க்கரை ஆலை என்றேன். அங்கேதான் நம் கதையும் வந்து கலக்கிறது. 1848க்குப் பின் விடுதலை பெற்றோர் கரும்புத் தோட்டத்தை வெறுத்து விலகினர். முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். 1854 டிசம்பரில் ஒரேலி என்னும் கப்பல் முதற் கூட்டத்தை இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்தனர். அவர்களில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழர் மிகப் பலர். கபெஸ்தேர் ஊரை அடுத்த ஷாங்ஜியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ்ப் பேச்சு மறைந்தும் தெய்வப் பெயர்கள் மறையவில்லை. அங்குள்ளோர் நாவில் மாரியம்மன் மாலியேமேன் ஆனாள். மதுரை வீரன் மால்தேவிலேன் ஆனான்.

அதே கபெஸ்தேரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். தீவிலேயே பிறந்த இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்றபோது, 1904இல் அவர் வழக்காடத் தொடங்கினார். அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்ற முடிவு வர 1923ஆம் ஆண்டு ஆயிற்று.