தூக்கத்தில் தொடரும் போர்

"இவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன, டாக்டர். ஆனால் இரவு இரண்டு மணிக்கு இன்னும் எல்லையில்தான் இருக்கிறார்." முன்னாள் படைவீரர் ஒருவரின் மனைவி என்னிடம் கூறியது இது. கனவில் அலறிய கணவரைத் தோளில் தட்டி எழுப்பியபோது, அவர் தம்மை அறியாமல் கை ஓங்கி அடித்துவிட்டார். அன்று முதல் குற்றவுணர்வுடன் கூடத்தில் தனியே படுக்கிறார். உறங்கவே அஞ்சுகிறார்.

இது பைத்தியமும் அன்று; கோழைத்தனமும் அன்று. ஆபத்தின் நடுவே விழித்திருக்கப் பழகிய மூளை, ஆபத்து நீங்கிய பின்னரும் காவலைக் கைவிட மறுக்கிறது. இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

மாத்திரை மட்டும் போதாதா எனப் பலர் கேட்கின்றனர். கெட்ட கனவுகளுக்குத் தரப்படும் பிரசோசின் சிலருக்குப் பயன்படுகிறது. எனினும், அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 304 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், மருந்தில்லா மாத்திரையைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. ஆகவே உளவியல் சிகிச்சைகளும் தேவைப்படுகின்றன.

முதலாவது, காட்சி ஒத்திகைச் சிகிச்சை. திரும்பத் திரும்ப வரும் கனவு ஒன்றை நோயாளி தேர்ந்தெடுக்கிறார். மிகக் கொடியதை விடுத்து, சற்றே எளியதில் தொடங்குவது நல்லது. அதன் போக்கைத் தாம் விரும்பியவாறு மாற்றி எழுதுகிறார். பின்னர் அப்புதிய கனவை நாள்தோறும் பகலில் பத்து முதல் இருபது நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கிறார். எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிட்டாது. ஆயினும் முயன்று பார்க்கத் தக்கது.

இரண்டாவது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பொதுவாக ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நிறைவுறும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இதுவே என 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி பரிந்துரைத்தது. உறக்கம் வந்தால் மட்டுமே படுப்பது, வராவிடில் எழுந்து வேறிடத்தில் அமர்வது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது ஆகியன இதன் அடிப்படைகள். படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைப்பதும் இதில் உண்டு. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களும் வாகனம் ஓட்டுவோரும் மருத்துவர் மேற்பார்வையின்றி அதனைச் செய்தல் ஆகாது.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள். அலறுபவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். சற்று விலகி நின்று விளக்கைப் போட்டு, பெயரோ உறவுமுறையோ சொல்லி மெல்ல அழையுங்கள். "வீட்டில்தான் இருக்கிறீர்கள்" என்று கூறுங்கள். மது உறக்கம் தருவதுபோல் தோன்றினாலும் பின்னிரவில் அதனைக் குலைக்கும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் இருந்தால் அவசியம் தெரிவியுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால், நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள்.

அந்த வீரரின் கனவில், பதுங்குகுழியிலிருந்து வெளியேற வழியே இருந்ததில்லை. மாற்றி எழுதியபோது அதில் ஒரு கதவு வைத்தார்; கதவுக்கு அப்பால் தம் ஊர்க் கண்மாய்க் கரை. கனவுகள் முற்றிலும் நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தன. இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் மனைவி சொன்னார்: "கூடத்துப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டோம், டாக்டர்."