உடற்கூறாய்வும் ஓவியக் கல்வியும்: மதுரைப் பாதம் முதல் சென்னைக் கலைப்பள்ளி வரை

ஆய்வுச் சுருக்கம்

சடலத்தை அறுத்துப் பகுத்து அறியும் உடற்கூறாய்வு, ஐரோப்பிய ஓவியக் கல்வியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக விளங்கியது. தமிழகத்திற்கு அவ்வுறவு மருத்துவர்களின் வழியே வந்தது. பழைய மதுரை மாவட்டத்தின் நோய்ப்பதிவு, சென்னைக் கலைப்பள்ளியின் தோற்றம், சிற்பிகளின் தாலமான முறை ஆகிய மூன்றையும் இணைத்து அவ்வுறவை இக்கட்டுரை விளக்குகிறது. உடலை அறியும் இருவேறு முறைகளுள் ஒன்றை மற்றொன்றின் குறைபாடாகக் கொள்வது பொருந்தாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: உடற்கூறியல், ஓவியக் கல்வி, மதுரைப் பாதம், சென்னைக் கலைப்பள்ளி, தாலமானம்

முன்னுரை

ஓவியர் உடற்கூற்றை மருத்துவரிடமிருந்து கற்றுக்கொண்டனர் என்பது பொதுவான கருத்து. வரலாறு இதனைப் பாதியளவே உறுதிசெய்கிறது. அறுத்தறிந்ததை வரைந்து காட்ட இயலாதவரை அவ்வறிவு அறுத்தவரோடு நின்றுவிடும்; சடலம் சில நாட்களில் அழியும், படமே நிலைக்கும். ஆகவே மருத்துவமும் ஓவியப் பயிற்சிக்குக் கடன்பட்டுள்ளது. இக்கொடுக்கல் வாங்கல் தமிழகத்தில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஐரோப்பியப் பின்புலம்

இடைக்கால ஃபுளோரன்சு நகரில் ஓவியர்கள் மருத்துவர், மருந்து வணிகர் ஆகியோரின் சங்கத்திலேயே உறுப்பினராக இருந்தனர். 1543இல் வெசாலியசு வெளியிட்ட உடற்கூற்று நூல், அறுவை அறிவாலும் மரச்செதுக்குப் படங்களாலும் ஒருசேரப் புகழ்பெற்றது. இலண்டனில் 1768இல் இராயல் அகாதெமி நிறுவப்பட்டபோது, மருத்துவரான வில்லியம் அண்டர் அதன் முதல் உடற்கூற்றியல் பேராசிரியரானார்.

இக்கல்விக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1801இல் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலைச் சிலுவையில் பொருத்தி, தோலுரித்து, வார்ப்பெடுத்தனர். சிலுவைக் காட்சியை ஓவியர்கள் பிழையாக வரைகின்றனரா என்று சோதிப்பதே அதன் நோக்கம். அவ்வார்ப்பு இன்றும் அகாதெமியில் உள்ளது. கலைமாணவர் கண்முன் வைக்கப்பட்ட உடல்கள் பெரும்பாலும் மறுப்புரைக்க இயலாதோரின் உடல்களே.

மதுரை மாவட்டமும் கார்ட்டரின் தூரிகையும்

போடிநாயக்கனூர், பொட்டிபுரம் உள்ளிட்ட ஏலமலைச் சரிவின் ஊர்கள் இன்று தேனி மாவட்டத்தில் அடங்குவன. அம்மாவட்டம் 1996இல் பிரிக்கப்படும் வரை அவை மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. அப்பழைய மாவட்டத்தின் பெயர் மருத்துவ நூல்களில் ஒரு நோயின் பெயராக நிலைத்துவிட்டது. வெறுங்காலுடன் மண்ணில் உழைப்போரின் பாதத்தில் முள் முதலியவை தைத்த காயத்தின் வழியே நுண்ணுயிர் புகுந்து, நாட்பட வீங்கிப் புரையோடும் நோய் அது. மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய மருத்துவர் கில் 1842இல் அதனைக் குறிப்பிட்டார். பின்னர் அது 'மதுரைப் பாதம்' எனப் பெயர் பெற்றது.

இந்நோய் பூஞ்சையால் விளைவது என்று விளக்கி, 1874இல் தனிநூல் வெளியிட்டவர் என்றி வான்டைக் கார்ட்டர். 1858இல் வெளிவந்து, இன்றும் மருத்துவ மாணவர் பயிலும் 'கிரேயின் உடற்கூற்றியல்' நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. இவர் தந்தை ஓர் ஓவியர். முதற்பதிப்பின் 363 படங்களும் இவர் கைவண்ணமாயினும், நூல் கிரேயின் பெயராலேயே வழங்குகிறது. உறுப்பின் பெயரை ஓரத்தில் எண்ணிட்டுக் காட்டாமல் உறுப்பின் மீதே பொறித்தமை இப்படங்களின் சிறப்பு. நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிசுக் கிரீன், கிரே உள்ளிட்டோரின் நூல்களைத் தழுவி 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளியிட்டார். அவ்வாறு அவ்வறிவு தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி

சென்னையில் மருத்துவப் பள்ளி கல்லூரியாக உயர்ந்த 1850ஆம் ஆண்டிலேயே கலைப்பள்ளியும் தொடங்கப்பட்டது. அதனைத் தம் முயற்சியால் நிறுவிய அலெக்சாண்டர் அண்டர் ஓர் அறுவை மருத்துவர். 1855இல் அரசு அதனை ஏற்றது. இலண்டனில் கலைக்கூடம் மருத்துவரை ஆசிரியராக அமர்த்தியது. சென்னையிலோ மருத்துவரே கலைக்கூடத்தை அமைத்தார். காட்சிப்பொருளை உற்றுநோக்கி உள்ளவாறு வரையும் பயிற்சி, அவ்வகையில் இங்கு அறிவியல் ஒழுக்கமாகவே நுழைந்தது.

அப்பயிற்சியை அளவுகோலாகக் கொண்டோர்க்கு, நரம்பும் தசையும் புலப்படாத சோழர் படிமங்கள் உடற்கூறு அறியாதோரின் படைப்புகளாகத் தோன்றின. 1884 முதல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த ஈ.பி. ஃகேவல் பிற்காலத்தில் இதனை மறுத்தார்: தசையை அடக்கிக் காட்டுவது அறியாமையன்று, தெய்வ உடலைக் காட்டுதற்கு வேண்டுமென்றே மேற்கொண்ட நெறி.

தாலமானம் என்னும் மாற்றறிவு

சிற்பநூல் நெறியில் ஒரு தாலம் 12 அங்குலம். உத்தம தசதாலப் படிமத்தின் உயரம் 124 அங்குலம். இங்கு அங்குலம் என்பது ஒரு மனிதரின் விரலளவன்று. செய்யவிருக்கும் படிமத்தின் உயரத்தை 124 கூறாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறு. இதனைத் தேகலப்த அங்குலம் என்பர். உடற்கூறாய்வு இறந்த ஓர் உடலிலிருந்து பொது உண்மையைப் பெறுகிறது. தாலமானமோ உறுப்புகளுக்கிடையேயான விகிதத்திலிருந்து உருவத்தைப் பெறுகிறது. முன்னதற்குச் சடலம் தேவை, பின்னதற்குத் தேவையில்லை. இரண்டின் வினாக்களும் வெவ்வேறு.

எனினும் இவை கலவாத இரு துருவங்கள் அல்ல. இந்திய உருவமரபின் உறுப்பிலக்கணத்தை 1914இல் நூலாக்கிய அவனீந்திரநாத் தாகூரின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை வகித்தார். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலையில் ஒவ்வொரு தசையும் பாறையின் எடையைச் சொல்கிறது. உழைப்பைக் கருப்பொருளாகக் கொண்ட சிற்பத்திற்குத் தசை இன்றியமையாதது. அருளைக் கருப்பொருளாகக் கொண்ட படிமத்திற்கு அது இடையூறு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. உடற்கூற்றியலும் ஓவியமும் ஒன்றையொன்று வளர்த்தன. கார்ட்டர் அதற்குச் சான்று. தமிழகத்தில் மருத்துவரே உற்றுநோக்கு ஓவியத்தை நிறுவனக் கல்வியாக்கினார். அதனால் அதன் அளவுகோல் மரபுச் சிற்பத்தையும் அளக்கலாயிற்று. கலைக்கல்லூரிப் பாடத்திட்டத்தில் எலும்பும் தசையும் கற்பிக்கப்படுமிடத்தில் தாலமானமும் இணையான உடலறிவாக இடம்பெற வேண்டும்; எக்கருப்பொருளுக்கு எம்முறை பொருந்தும் எனத் தேரும் ஆற்றலே மாணவர் பெறவேண்டிய பயிற்சி. நூலுக்குக் கிரேயின் பெயரும் நோய்க்கு மதுரையின் பெயரும் நிலைத்தன. அறுக்கப்பட்டோரின் பெயர்களோ படங்களின் அடியில் இல்லை. உடற்கூற்று வரைபடத்தைப் பயிற்றும் ஆசிரியர் அந்த இன்மையையும் பாடத்தின் பகுதியாக்குதல் தகும்.