சீமை உடம்பு, பழைய இருதயம்

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகும் மின்சார ரயில், காலை ஒன்பது மணிக்குப் பெருங்களத்தூர் ஸ்டேஷனில் நிற்கும்போது எட்டிப் பார்த்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளைஞர்களும் யுவதிகளும் கூட்டங்கூட்டமாக இறங்குவதைக் காணலாம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் எழும்பி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களை நோக்கி அவர்கள் நடக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த வளாகம் அது. அந்த மண்ணில் ஒரு காலத்தில் தகடு வளைக்கும் ஓசையும் பெயிண்ட் வாசனையும் நிறைந்திருந்தன என்று சொன்னால் அவர்களில் பலர் நம்பமாட்டார்கள். இந்த நாட்டிலேயே மிகவும் சொகுசான மோட்டார் கார் என்று பெயர் வாங்க ஆசைப்பட்ட ஒரு வண்டி அங்கேதான் பிறந்தது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு 2000.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவில், 1948-ல் சென்னையில் ஏற்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா. வான்கார்டு என்ற கனமான வண்டியில் ஆரம்பித்து, ‘எட்டு’, ‘பத்து’ என்று எண்களையே பெயராகக் கொண்ட சின்ன வண்டிகளைச் செய்து, 1961-ல் ஹெரால்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஹெரால்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன்பக்கத்து பானட் முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாவற்றோடும், முதலை வாய் திறந்த மாதிரி முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் டயர்மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மயிலாப்பூர்ச் சந்துகளில் ஒரே வளையில் திரும்பிவிடும். 1970-களில் அதுவும், அதன் பின் வந்த கஸலும் ஓய்ந்து, கார் தயாரிப்பே நின்றது. வேன்கள் மட்டும் வெளிவந்துகொண்டிருந்தன.

பிறகு 1985-ல் திடீரென்று ஒரு ராஜகுமாரன் வந்து இறங்கினான்.

சீமையில் அதன் ஜாதகம்

இந்த ராஜகுமாரனின் சொந்தப் பெயர் ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் 1976-ல் வெளிவந்தது. டேவிட் பேச் என்ற வடிவமைப்பாளர் இத்தாலிய ஃபெராரி ஸ்போர்ட்ஸ் காரின் சாயலை மனத்தில் வைத்து அதற்கு உருக் கொடுத்தார். மூக்கு கூர்மை, பின்புறம் சரிவு, ஐந்தாவது கதவாகத் திறக்கும் பெரிய பின் கண்ணாடி. குடும்பத்தோடு போகும் கார் இப்படியும் இருக்கலாமா என்று பார்த்தவர்கள் வியந்தனர். 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசும் கிடைத்தது.

உள்ளே இருந்தது எட்டு சிலிண்டர் எஞ்சின், 3528 சி.சி., 155 குதிரைச் சக்தி, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம். பிரிட்டிஷ் போலீசார் நெடுஞ்சாலைக் காவலுக்கு இதைத்தான் விரும்பி ஓட்டினார்கள். 1987 மே மாதத்தில் லண்டன் போலீசாரிடம் ஓர் அவசர வேலை வந்தது. ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஒரு கல்லீரலை, கென்சிங்டனில் உள்ள ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளியிடம் சேர்க்க வேண்டும். 27 மைல் தூரம், பட்டப்பகல், லண்டன் நெரிசல். ரோவர் அதை ஏறத்தாழ 30 நிமிஷத்தில் கொண்டு சேர்த்தது. போலீஸ் காரில் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பெருங்களத்தூரிலிருந்து பாரிமுனைக்குப் போவதைவிட அதிகமான தூரம் அது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே நாட்களில் அதே உடம்புடைய கார் பெருங்களத்தூரிலும் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு அரை மணியில் போயிருக்காது. காரணம் பானட்டுக்கு அடியில் இருந்தது.

மாற்ற முடியாத ஒன்று

எட்டு சிலிண்டர் எஞ்சின் சென்னைக்கு வரவில்லை. சீமையிலேயே இதே வண்டிக்கு ஆறு சிலிண்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் உண்டு; அவையும் வரவில்லை. வந்தது 1991 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். 83 குதிரைச் சக்தி. அசலில் ஏறத்தாழ பாதி! அந்த எஞ்சினின் குலமுறை யுத்தம் முடிந்த கையோடு 1947-ல் வெளியான வான்கார்டு காரில் தொடங்குகிறது. அதன் பங்காளிகளில் ஒன்று ஃபெர்குசன் டிராக்டரை இழுத்து வயலை உழுதது, இன்னொன்று டி.ஆர்.2 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் ஓடிற்று. ஆகவே அது மட்டமான எஞ்சின் என்று சொல்லிவிட முடியாது. சிலிண்டர் லைனர்களைக் கழற்றி மாற்றலாம். எந்த ஊர் ஷெட்டிலும் பிரித்துப் பூட்டலாம். அவ்வளவு லேசில் படுத்துவிடாது. ஆனால் பொறுமைசாலி ஓடப்பந்தயத்துக்கு ஆகிறவனல்லவே.

கம்பெனியார் ஏன் இதைச் செய்தார்கள்? அந்தக் காலத்துச் சட்டதிட்டங்களை நினைத்துப் பார்த்தால் புரியும். வெளிநாட்டிலிருந்து ஒரு திருகாணி வரவழைப்பதற்கும் லைசென்ஸ், அந்நியச் செலாவணி என்று அலைய வேண்டும். கையில் இருந்தது, வேனுக்காக ஏற்கெனவே இங்கேயே செய்துவந்த எஞ்சின். அதையே ராஜகுமாரனுக்கும் வைத்தார்கள். அந்நாளில் எல்லோரும் செய்ததும் ஏறத்தாழ இதுதான். 1984-ல் வந்த கன்டெஸா காரைத் திறந்து பார்த்தால், அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சின் வெயிலில் நடந்த கிழவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பம்பாயில் பிரீமியர் கம்பெனியார் மட்டும், 1985-ல் கொண்டுவந்த 118 என்.ஈ. வண்டிக்குப் பழைய ஃபியட் உடம்பு வைத்தாலும், ஜப்பானிய நிஸான் எஞ்சினைப் போட்டார்கள். உடம்பைவிட இருதயமே முக்கியம் என்று தெரிந்துகொண்டவர்கள் போலிருக்கிறது.

இன்னொரு சங்கதி. நம் ரோடுகளுக்கு ஏற்றதாக, வண்டியைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி அமைத்தார்கள். பாதாளக் குழியில் அடிபடாமலிருக்க இது வேண்டியதுதான். ஆனால் தரையோடு தரையாகப் பதுங்கிப் பாயும் சிறுத்தையின் தோற்றம், சேற்றில் இறங்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்ட மைனரின் தோற்றமாக மாறிவிட்டது.

எக்ஸ்ட்ரா பிட்டிங்

இந்த வண்டியை 1986-ல் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தி.நகரிலோ அடையாறிலோ சொந்த பங்களா உள்ள மனிதர். வீட்டில் வந்திருப்பது ஊரில் யாரிடமும் இல்லாத கார். அடுத்தபடி என்ன? கேட்பானேன், மவுண்ட் ரோடுக்குப் படையெடுப்புத்தான்! அங்கே ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை வட்டாரத்தில் மோட்டாருக்கு வேண்டிய சகல ஆபரணங்களும் கிடைக்கும். கேசட் பெட்டி, பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர், மஞ்சள் பனிவிளக்கு, சீட்டுக்கு வெல்வெட் உறை, பிள்ளையார் நிற்க ஒரு பீடம்.

ஜன்னல் திரை அந்நாளில் கௌரவச் சின்னம். ஆனால் இந்த வண்டிக்கு அது கௌரவம் மட்டுமல்ல, உயிர்நாடி. இங்கிலாந்தின் மங்கலான வெயிலை நினைத்துச் சரிவாக அமைத்த அந்தப் பெரிய பின் கண்ணாடி, சித்திரை மாதத்தில் பின்சீட்டுக்காரரின் பிடரியைப் பொரித்துவிடும். திரை போதாதென்று பிற்காலத்தில் பலரும் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டார்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஃபிலிமுக்குத் தடை விதித்தது வேறு கதை.

ஆகவே மிக அவசியமான உபரிச் சாமான் குளிர்சாதனந்தான். இங்கேதான் சிக்கல். குளிர்சாதனக் கம்ப்ரஸர் சும்மா சுற்றாது. எஞ்சினிடமிருந்து சில குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். 155 குதிரை உள்ள லாயத்தில் நாலைந்து போனால் தெரியாது. 83 உள்ள லாயத்தில் நன்றாகவே தெரியும். குளிர்ச்சி வேண்டுமானால் வேகம் இல்லை. வேகம் வேண்டுமானால் வியர்வை! கத்திப்பாராவில் லாரியை முந்தும்போது சட்டென்று குளிர்சாதனத்தை அணைத்து, முந்தியபின் போட்டுக்கொள்வது அக்காலத்துப் பல இந்தியக் கார்களில் வழக்கமாக இருந்த வித்தை.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் எந்த விலைப் பட்டியலிலும், எந்தக் கடையிலும் ‘எஞ்சின்’ என்ற வரி இல்லை. வண்டியை வாங்கியவருக்குக் குறையாக இருந்தது அது ஒன்றுதான்; தேர்ந்தெடுக்க முடியாததும் அது ஒன்றுதான். பிற்காலத்தில் சில சொந்தக்காரர்கள் துணிந்து, ஷெட்டுக்காரரைக் கொண்டு பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை இறக்கிக்கொண்டார்கள். கம்பெனி கொடுக்காத உபரிச் சாமானைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

யார் ஓட்டுவது?

வண்டியின் அழகில் இன்னொரு விசித்திரமும் ஒளிந்திருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஓட்டுகிறவனுக்காகச் செய்யப்பட்டது. ஸ்டியரிங் கையில் பேசவேண்டும்; வளைவில் உடம்பு சிலிர்க்க வேண்டும். ஆனால் நம் நாட்டில் விலையுயர்ந்த கார் வாங்குகிறவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அவர் பின்சீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டு வருவார், ஓட்டுவது டிரைவர். எஜமானர் பணம் கொடுத்து வாங்கிய ஆனந்தத்தையெல்லாம் டிரைவர் அனுபவிப்பார்! பின்சீட்டுக்காரருக்கு மிஞ்சியது அந்த வெயில் கண்ணாடிதான். அவருக்கு நிமிர்ந்து உட்காரும் அம்பாஸடரே மேலாகத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். பெருங்களத்தூரிலிருந்து அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் தெற்கே போனால், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மஹிந்திரா வோர்ல்டு சிட்டியில் ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் தொழிற்சாலை 2007 முதல் இயங்குகிறது. ஓட்டுகிறவனின் ஆனந்தமே எங்கள் தத்துவம் என்று உலகமெங்கும் முழங்கும் கம்பெனி அது. அவர்களும் 2021-ல், 3 ஸீரீஸ் என்ற தங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நம் நாட்டில் 11 சென்டிமீட்டர் நீண்ட உருவில் கொண்டுவந்து, பின்சீட்டில் கால் நீட்டிக்கொள்ள இடம் செய்து கொடுத்தார்கள். எஜமானர் இன்னும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார் போலும்!

மற்றபடி அங்கே நிலைமை தலைகீழ். எஞ்சின்தான் முதல் கேள்வி; பெட்ரோலா டீசலா, எத்தனை சக்தி என்பதிலிருந்துதான் பேரமே தொடங்குகிறது. 2015 முதல் எஞ்சினைக் கூட இந்த வட்டாரத்திலேயே கோத்துக் கொடுக்கிறார்கள். பிறகு வருகிறது அலங்காரம். கூரையில் திறக்கும் கண்ணாடி வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள்; சென்னை வெயிலில் வருஷத்தில் எத்தனை நாள் திறக்க முடியும் என்பதை யாரும் கேட்பதில்லை. காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய டயர் உண்டு என்பதால் சில வண்டிகளில் ஸ்டெப்னி வைப்பதில்லை; மதுராந்தகத்தைத் தாண்டி ராத்திரியில் டயர் கிழிந்தால் அந்த வசதியின் அருமை தெரியும். பெரிய சக்கரம், மெல்லிய டயர் பார்க்க ஜோர். தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது முதுகெலும்பு கணக்குச் சொல்லும். வாங்குகிறவர் வீட்டு வாசல்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அலங்காரப் பட்டியலைக் கையில் எடுப்பது நல்லது. குளிர்காற்று வரும் சீட் என்று ஒன்று உண்டு. நம் ஊருக்குப் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது என்றால் அதுதான்.

போன வண்டி

ஸ்டாண்டர்டு 2000 நிலைக்கவில்லை. 1983 டிசம்பரில் வெளியான மாருதி, சின்ன உடம்பில் புது எஞ்சினோடு, ரோடு ரோடாகப் பறந்துகொண்டிருந்தது. அதிக விலை கொடுத்து வாங்கிய சொகுசுக் காரை ஒரு தகரடப்பா முந்திக்கொண்டு போனால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்? 1988-ல் தயாரிப்பு நின்றது. தொழிற்சாலை பல வருஷம் புதர் மண்டிக் கிடந்தது. இதை நம்பித் தாம்பரம், வண்டலூர் பக்கம் குடியேறிய தொழிலாளிக் குடும்பங்கள் பட்ட பாடு தனிக் கதையாக எழுத வேண்டியது. 2006-ல் சொத்து ஏலத்துக்கு வந்தது. பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன.

அசல் ரோவரின் தயாரிப்பு இங்கிலாந்தில் 1986-லேயே முடிந்துவிட்டது. அங்கே அந்த வண்டியைச் செல்லப்பிள்ளை மாதிரி பாதுகாக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவும் பானட்டும் வேண்டியிருந்தது. பெருங்களத்தூரில் மிஞ்சிக் கிடந்த உடம்புப் பாகங்களை இங்கிலாந்து உதிரிச் சாமான் வியாபாரிகள் வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார்கள். ஆக, சீமைச் சாலைகளில் இன்று ஓடும் சில ரோவர் கார்களின் கதவு, செங்கற்பட்டு ஜில்லாத் தொழிலாளியின் கைபட்டதாக இருக்கக்கூடும்.

இங்கே எஞ்சியிருக்கும் வண்டிகள் மிகச் சில. அவற்றை வைத்திருக்கிறவர்களுக்கு எஞ்சின் சாமான் கவலை அதிகமில்லை. கவலையெல்லாம் விளக்கு, கண்ணாடி, கதவோரத்து ரப்பர் ஆகியவற்றுக்குத்தான். பெருங்களத்தூரில் பிறந்த வண்டிக்குப் பெருங்களத்தூரில் கண்ணாடி கிடைக்காது. சீமைக்கு எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டும். பார்சல் வந்து சேரும்வரை கார் வீட்டு ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது.