வான் நொறுங்கிய பிறகு

வாடகை ஓட்டத்துக்கென வாங்கிய பழைய வான், லொறியோடு மோதி நொறுங்கிக் கிடக்கிறது. கையிலிருப்பதோ மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது அதைத்தான். மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். நமது வானுக்கு ஒரு சதமும் தராது. நம்மவர் பலர் இதை விபத்தின் பின்னரே அறிகின்றனர்.

பதற்றத்தில் முதற் கண்ட கராஜில் விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் மதிப்பீட்டை எழுத்திற் கேளுங்கள். திருத்தச் செலவு, திருத்திய வானின் விலையை நெருங்குமானால் கிடக்கிறபடியே விற்பது மேல். எஞ்சின் தப்பியிருந்தால் பாகங்களாக விற்றுக் கூடுதலாகவும் பெறலாம். ஆசையாய் வாங்கிய வண்டி என்ற பற்றுத்தான் இங்கே பலரைக் கடனில் தள்ளுகிறது.

பிழை லொறிக்காரர் பக்கமெனில், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு அவரிடம் நட்டஈடு கேளுங்கள். இணங்காவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். சட்டத்தரணிக்குச் செலவில்லை.

சங்கக் கடனில் வாங்கிய வானா? வான் நின்றாலும் தவணை நிற்காது. ஒளிந்து திரியாமல் அடுத்த தவணைக்கு முன்பே போய்க் காலநீடிப்புக் கேளுங்கள். அந்தத் தவணைக்காக வட்டிக்காரரிடம் போகவேண்டாம். வானை விற்ற காசு வந்த அன்றே சங்கத்தில் கட்டினால், வட்டி ஏறும் முதலாவது குறையும்.