கூஜா மூடியில் ஒளிந்திருக்கும் ஓவியர், தெரியுமா?

ஒரு மண் கூஜாவின் வெள்ளீய மூடிக்குள் ஒரு பெண் நானூறு ஆண்டுகளாக ஒளிந்திருக்கிறார், தெரியுமா? நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் மாரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். 1615 வாக்கில் தீட்டப்பட்ட சிறிய படம் அது. முதலில் கண்ணில் படுவது சாப்பாட்டு மேசைதான்: அடுக்கி வைத்த பாலாடைக்கட்டிகள், பாதாம், உலர்ந்த அத்திப்பழம், முறுக்குபோல் பின்னிச் சுட்ட பிரெட்செல். பின்னால் நிற்கும் கூஜாவின் பளபளப்பான மூடியை நெருங்கிப் பாருங்கள். ஒரு முகம்! அந்தப் படத்தை வரைந்த கிளாரா பீட்டர்ஸின் முகம்!

இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸில், ஆண்ட்வெர்ப் நகரத்தோடு தொடர்புடையவர் கிளாரா. அவர் பிறந்த நாளும் இறந்த நாளும் உறுதியாகத் தெரியவில்லை. பெண்கள் ஓவியராவதே அரிதாக இருந்த காலம். அவர் என்ன செய்தார் தெரியுமா? மேசை விளிம்பில் ஒரு வெள்ளிக் கத்தியை வைத்து, அதன் பக்கவாட்டில் உலோகத்திலேயே செதுக்கியதுபோல் தன் முழுப்பெயரை எழுதிவிட்டார்! அது அந்நாளில் திருமணப் பரிசாகக் கொடுக்கும் கத்தி. விசுவாசம், நிதானம் என்னும் நற்பண்புகள் அதில் பெண் உருவங்களாக நிற்கின்றன. இதே போன்ற பெயர் பொறித்த கத்தி அவருடைய வேறு படங்களிலும் தலைகாட்டுகிறது.

இன்னும் இருக்கிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில் அவர் 1612-இல் தீட்டிய படம் ஒன்று உள்ளது. பூக்கள், நாணயங்கள், சங்குகள், பொன்முலாம் பூசிய உயரமான கிண்ணங்கள். அவற்றில் ஒரு கிண்ணத்தின் உருண்டைப் புடைப்புகளில் குட்டிக் குட்டியாக அவரே தெரிகிறார். ஒரு முறையல்ல, குறைந்தது ஆறு முறை! செல்வம் கரையும், பூ வாடும் என்று சொல்லும் பொருள்களுக்கு நடுவே, இதைச் செய்தது என் கை என்று அத்தனை முறை பதித்துவிட்டுப் போயிருக்கிறார். 1819-இல் திறக்கப்பட்ட மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் ஒரு பெண் ஓவியருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது முதன்முதலாக 2016-இல்தான். அந்தப் பெருமை யாருக்குக் கிடைத்தது? கிளாராவுக்கு!

சரி, மறுபடி ஹேக் படத்துக்கு வருவோம். அந்தப் பாலாடைக்கட்டிக் கோபுரத்தின் உச்சியில் சுருள் சுருளாக வெண்ணெய் இருக்கிறதே, கவனித்தீர்களா? பாலாடைக்கட்டியோடு வெண்ணெயையும் சேர்த்துத் தின்பது சாத்தானின் வேலை என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு. அப்படியானால் இது பெருந்தீனிக்கு எச்சரிக்கையா? அல்லது எங்கள் மண்ணின் மாடுகள் தரும் வளத்தைப் பாருங்கள் என்ற பெருமிதமா? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எலுமிச்சை என்றால் இது, ஈ என்றால் அது என்று அகராதிபோல் ஒரே பொருள் சொல்லும் புத்தகங்களை நான் நம்புவதில்லை. ஒரே ரொட்டி பக்திமானுக்குக் கிறிஸ்துவின் உடல், பசித்தவனுக்கு ரொட்டி. இரண்டையும் ஒருசேர வைத்திருப்பதுதான் இந்தப் படங்களின் பலம்.

ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாத படங்களும் உண்டு! ஆண்ட்வெர்ப்பில் பிறந்து ஹாலந்தில் வாழ்ந்த ஜாக் டி கெய்ன் 1603-இல் தீட்டியது இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாழ்வின் நிலையாமையை மட்டுமே பொருளாகக் கொண்ட தனி ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களைத் தீட்டும்) ஓவியங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் இதுவே மிகப் பழையது என்று கருதப்படுகிறது. நடுவில் மண்டையோடு. அதற்கு மேலே மிதக்கும் பெரிய குமிழி. குமிழிக்குள் உற்றுப் பார்த்தால் சித்திரவதைச் சக்கரமும், தொழுநோயாளிகள் தங்கள் வருகையை அறிவிக்க ஆட்டிய கிலுகிலுப்பையும் தெரிகின்றன! மேல் மூலைகளில் இரண்டு கிரேக்க ஞானிகள். உலகைப் பார்த்துச் சிரிக்கிறார் டெமாக்ரிட்டஸ், அழுகிறார் ஹெராக்ளிடஸ். கீழே சிதறிக் கிடக்கின்றன நாணயங்கள்.

மண்டையோட்டை விட்டுப் பூவுக்கு வருவோம். எந்தத் தோட்டத்திலும் ஒரே நாளில் பறிக்கவே முடியாத பூங்கொத்தை யார் கட்டினார் தெரியுமா? ஓவியர் மூத்த யான் புருகல்! அவருடைய ஜாடியில் வசந்தகாலப் பூவும் கோடைகாலப் பூவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் மலரும் பருவம்வரை காத்திருந்து நேரில் பார்த்தே வரைவார். ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத பூவுக்காக பிரஸ்ஸல்ஸ்வரை போனதை 1606-இல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பூங்கொத்து மிலான் நகரக் கர்தினால் ஃபெடரிகோ பொரோமேயோவுக்காக. ஜாடியின் அடியில் ஒரு வைரத்தையும் தீட்டி வைத்தார் புருகல். கர்தினாலுக்குக் குறிப்பு புரிந்துவிட்டது: அந்த வைரத்தின் மதிப்பையே படத்துக்கு விலையாகக் கொடுத்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார்!

மண்டையோடோ பூவோ இல்லாமலும் ஸ்டில் லைஃப் தீட்டலாம் என்று துணிந்தவர் கொர்னெலியஸ் கைஸ்பிரெக்ட்ஸ். இவரும் ஃபிளெமிஷ்காரர், 1670 வாக்கில் டென்மார்க் அரசவையில் வேலை பார்த்தவர். கோபன்ஹேகனில் உள்ள அவருடைய ஒரு படத்தில் மேசை இல்லை, பழம் இல்லை. மரச்சட்டம், ஆணிகள், துணியின் பின்பக்கம், 36 என்று எண் எழுதி ஒட்டிய காகிதத் துண்டு. அவ்வளவுதான்! யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள் என்று கை நீட்டத் தோன்றும். திருப்பினால் அங்கே இருப்பது உண்மையான பின்பக்கம்!