திரையில் தோன்றி மறையும் கலை

அச்சேறி விற்பனையான ஒரு நூலை, அதனை வெளியிட்டவரே விரும்பினாலும், உலகிலிருந்து முற்றாக மீட்டுக்கொள்ள இயலாது. ஒரு பிரதி நூல்நிலையத்தில் இருக்கும். இன்னொன்று யாரோ ஓர் ஆசிரியரின் அலுமாரியில் இருக்கும். பதிப்பாளர் கடையை மூடிய பின்னும் நூல் வாழும். தொலைக்காட்சி நாடகத்துக்கோ இந்தப் பேறு வாய்க்கவில்லை. எழுத்தாளரும் நடிகரும் இசையமைப்பாளரும் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய படைப்பொன்று, கணக்கேட்டிலே எழுதப்படும் ஒரு வரியினால் மறைந்துவிடக்கூடும். தொலைக்காட்சித் தொடர்களை விரும்பிப் பார்க்கும் என்போன்ற இரசிகர்களுக்கு, அத்தொழிற்றுறையிலிருந்து அண்மை ஆண்டுகளில் வந்த செய்திகளுள் மிகுந்த கவலை தந்தது இதுவே.

நடந்தது யாது? 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்காவின் வோர்னர் மீடியா, டிஸ்கவரி என்னும் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. புதிய நிறுவனம் பெருங்கடனோடு பிறந்தது. செலவைச் சுருக்க முற்பட்ட நிர்வாகத்தினர், தமது இணையவழித் தொலைக்காட்சிச் சேவையிலிருந்து பல படைப்புக்களை நீக்கலாயினர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'இன்பினிட்டி ட்ரெயின்' என்னும் கார்ட்டூன் தொடர் நீக்கப்பட்டது. 2016இல் தொடங்கி நான்கு பருவங்கள் ஓடிய 'வெஸ்ட்வேர்ல்ட்' என்னும் புகழ்பெற்ற தொடரும் டிசெம்பரில் அதே வழியிற் சென்றது. மறு ஆண்டு மே மாதத்தில் டிஸ்னி நிறுவனமும் தன் சேவையிலிருந்து பல படைப்புக்களை அகற்றியது. அவற்றுள் ஒன்றாகிய 'வில்லோ' என்னும் தொடர், 2022 நவெம்பர் 30ஆம் திகதியே முதன்முதலாகத் திரைக்கு வந்தது. ஆறு மாதங்கூட அதற்கு ஆயுள் இல்லை! இந்நீக்கங்களின் பொருட்டு 150 கோடி டொலரைத் தன் கணக்கில் இழப்பாக எழுதிக்கொண்டது டிஸ்னி.

நீக்குவதனால் இலாபம் எங்ஙனம் வரும் என வாசகர் வினவலாம். ஒரு தொடர் சேவையில் இருக்கும்வரை, அதன் எழுத்தாளர், நடிகர், இயக்குநர் ஆகியோருக்குத் தொழிற்சங்க உடன்படிக்கைகளின்படி தொடர்ந்து பணம் கொடுக்க வேண்டும். பிறரிடமிருந்து உரிமை பெற்ற படைப்பாயின் அதற்கும் கட்டணம் உண்டு. நீக்கிவிட்டால் இவை குறையும். அதனோடு, ஏட்டில் இருந்த படைப்பின் பெறுமதியை நட்டமாகக் காட்டி வரிச்சுமையையும் தணித்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு மிச்சமாகும் அப்பணத்தில் ஒரு பகுதி, எழுதியவனுக்கும் நடித்தவனுக்கும் கிடைத்திருக்க வேண்டிய ஊதியம். 2023 மே 2ஆம் திகதி தொடங்கி 148 நாட்கள் நீடித்த அமெரிக்கத் திரை எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில், இணையவழிச் சேவைகள் தரும் இத்தகைய ஊதியமும் முதன்மையான பிரச்சினைகளுள் ஒன்றாய் இருந்ததில் வியப்பில்லை.

நிறுவனத்தார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. விலைபோகாத சரக்கை என்றென்றும் கடையில் அடுக்கி வைத்திருக்குமாறு எந்த வணிகனையும் கட்டாயப்படுத்த முடியாது. நீக்கப்பட்ட தொடர்கள் யாவும் அழிந்தன என்பதும் பொருந்தாது. 'வெஸ்ட்வேர்ல்ட்' பின்னர் வேறு சேவைகளில் தோன்றியது. அது வட்டுக்களாகவும் விற்பனையாகியிருந்தது. ஆயினும் ஒரு படைப்பு வாழ்வதும் மறைவதும் உரிமையாளரின் விருப்பத்தை மட்டுமே பொறுத்ததாய் இருத்தல் தகுமா என்பதே நம் வினா. 'பைனல் ஸ்பேஸ்' என்னும் கார்ட்டூன் தொடர் மூன்று பருவங்களோடு, கதை முடியாமலே நிறுத்தப்பட்டது. பின்னர் நட்டக் கணக்கில் எழுதப்பட்டு மறைந்தது. எஞ்சிய கதையை இரசிகருக்குச் சொல்வதற்கு, அதனை ஆக்கிய ஓலன் ரோஜர்ஸ் நாடியது எதனை? அச்சிட்ட சித்திர நூலையே!

இந்த அழிவு இன்று தொடங்கியதன்று. 1963 நவெம்பர் 23ஆம் திகதி பி.பி.சி. ஒளிபரப்பத் தொடங்கிய 'டொக்டர் ஹூ' என்னும் தொடரின் ஆரம்பகால அத்தியாயங்கள் பல இன்று இல்லை. அக்காலத்தில் ஒளிநாடா விலைமிக்கது. ஒன்றை அழித்து மற்றொன்றைப் பதிவது வழக்கம். நடிகர் சங்கத்தோடு செய்த உடன்பாடுகளும் மறு ஒளிபரப்புக்கு எல்லை வகுத்திருந்தன. மக்கள் ஒருநாள் இவற்றை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைத்துப் பார்ப்பர் என எவரும் எண்ணவில்லை. வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட பிரதிகளே பின்னர் கைகொடுத்தன. 2013இல் ஒன்பது அத்தியாயங்கள் நைஜீரியாவிலிருந்து மீட்கப்பட்டன. காட்சி அழிந்துபோன அத்தியாயங்களுக்கும் ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதனைக் காத்தவர் யார்? ஒளிபரப்பாகும் வேளையில் வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவு செய்துவைத்த இரசிகர்களே. நிறுவனம் கைவிட்டதை நேயர் காத்தனர்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையாரின் பணியும் இங்கு நினைக்கத்தக்கது. 1979 முதல் 2012இல் தாம் மறையும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவுபகலாகப் பதிவுசெய்த அவர், ஏறத்தாழ 70,000 ஒளிநாடாக்களை விட்டுச்சென்றார். அன்று விந்தையான பழக்கமாகத் தோன்றியது இன்று வரலாற்றுச் செல்வமாகியிருக்கிறது.

ஆனால் இன்றைய இரசிகனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அன்று நாடா அவன் கையில் இருந்தது. இன்று அவன் செலுத்துவது சந்தா. பெறுவது பார்க்கும் அனுமதி மட்டுமே. திறவுகோல் வீட்டுக்காரனிடம் இருக்கிறது. அவன் எந்த இரவிலும் பூட்டைப் பூட்டலாம். "எல்லாம் எப்போதும் கிடைக்கும்" என்ற உறுதிமொழியை நம்பியே நம்மில் அநேகர் வட்டுக்களையும் நாடாக்களையும் கைவிட்டோம். அவ்வுறுதிமொழியின் பெறுமதி இன்னதென்பதை மேலே கண்ட நிகழ்ச்சிகள் உணர்த்திவிட்டன.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு, ஒரு நாடு அதனைக் கைக்கொண்டும் இருக்கிறது. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அரச நூலகத்தைச் சேரவேண்டும் என்ற விதியை 1537ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டு மன்னர் முதலாம் பிரான்சுவா வகுத்தார். அதே நாடு 1992இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அக்கடமையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் விரித்தது. தேசிய ஒலி ஒளிக் காப்பகம் அப்பணியைச் செய்துவருகிறது. இதனால் வணிகனுக்கு நட்டமில்லை. அவன் தன் கடையை விரும்பியபடி நடத்தலாம். மாணவனும் ஆராய்ச்சியாளனும் நாளை தேடிவரும்போது, ஒரு பிரதி பொதுக் காப்பகத்தில் இருக்கும். இணையவழிச் சேவைகளின் படைப்புக்களுக்கும் இத்தகைய கடமை எல்லா நாடுகளிலும் விதிக்கப்படுதல் வேண்டும்.

தொலைக்காட்சி நாடகங்கள் யாவும் இலக்கியம் என நாம் வாதிடவில்லை. பதரும் உண்டு, மணியும் உண்டு. எது பதர், எது மணி எனத் தெரிவது காலத்தின் வேலை. தூற்றுவதற்கு முன்பே களத்துக்கு நெருப்பு வைத்துவிட்டால், காலம் எதனைத் தெரிந்தெடுக்கும்?